பின்னிணைப்பில் வைக்கப்பட்ட காதல்: அரகோர்ன், ஆர்வென், எயோவின் வழக்கு

அரகோர்ன் யாரை மணந்திருக்க வேண்டும் என்பது, ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வாசகர்கள் எழுபது ஆண்டுகளாகத் தீர்க்காமல் வைத்திருக்கும் வழக்கு. நூலைத் திறந்தால் தீர்ப்பு எழுதப்பட்டே இருக்கிறது. முடிசூடிய அரகோர்ன், சாவில்லாத எல்ஃப் இனத்தின் தலைவர்களுள் ஒருவரான எல்ராண்டின் மகள் ஆர்வெனை மணக்கிறான். அவனை விரும்பிய ரோஹன் நாட்டு எயோவின், கோண்டோரின் ஃபாரமிரை மணக்கிறாள். இதில் பாடபேதம் எதுவும் இல்லை. இருந்தும் ஒரு சாரார், ஆர்வென் கதைக்குள் வராத நாயகி, அரகோர்னுக்கு ஏற்றவள் எயோவினே என்பார்கள். மறுசாரார், பின்னிணைப்பைப் படிக்காதவர்களுக்குப் பேச்சே கிடையாது என்று வாயை அடைப்பார்கள்.

மிகுபுனைவுக் காவியங்களில் காதலை முன்வைத்து ரசிகர்கள் மோதிக்கொள்ளும் இடங்களுக்குக் குறைவில்லை. அவற்றில் பெரும்பாலானவை, ஆசிரியர் எழுதியது ஒன்று, வாசகர் ஆசைப்பட்டது வேறொன்று என்ற அளவில் நின்றுவிடும். இந்த வழக்கு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இங்கே எதை ஆசிரியரின் வாக்காகக் கொள்வது என்பதிலேயே தகராறு. ரசிகர்கள் ‘கேனான்’ என்று வழங்குவதை நாம் மூலபாடம் என்று வைத்துக்கொண்டால், நாவலின் உடல், அதன் பின்னிணைப்பு, ஆசிரியரின் கடிதங்கள், அவர் எழுதி அடித்த வரைவுகள் ஆகியவற்றில் எதுவரை மூலபாடம் என்ற கேள்விதான் இங்கே காதல் சண்டையின் வேடத்தில் வந்து நிற்கிறது.

முதல் வாசகர் கண்டது

இன்று ஒரே மூச்சில் படிக்கக் கிடைக்கும் நூல், முதலில் மூன்று தொகுதிகளாக, இடைவெளி விட்டு வந்தது. முதல் தொகுதி 1954 ஜூலை 29 அன்றும், இரண்டாவது அதே ஆண்டு நவம்பர் 11 அன்றும், மூன்றாவது 1955 அக்டோபர் 20 அன்றும் லண்டனில் வெளியாயின. இந்தத் தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, காதல் தொடர்பாக அந்நாளைய வாசகருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயன் தரும்.

முதல் தொகுதியில், எல்ராண்டின் இருப்பிடமான ரிவெண்டெலில் நடக்கும் விருந்தில், சிற்றுருவ மக்களான ஹாபிட்களில் ஒருவனும் கதையின் நாயகனுமான ஃப்ரோடோவின் கண் வழியே ஆர்வெனைப் பார்க்கிறோம். அவளுடைய அழகு வருணிக்கப்படுகிறது. அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. விருந்து முடிந்தபின் ஃப்ரோடோவின் உறவினன் பில்போ, ஆர்வென் அம்மையார் வந்திருந்தாரே, நீ ஏன் வரவில்லை என்று அரகோர்னைக் கேட்கிறான். சில வேளைகளில் மகிழ்ச்சியை ஒதுக்கிவைக்கத்தான் வேண்டியிருக்கிறது என்கிற பொருளில் அரகோர்ன் ஏதோ சொல்லிக் கடந்துவிடுகிறான். பிறகு மண்டபத்தைத் திரும்பிப் பார்க்கும் ஃப்ரோடோ, அரகோர்ன் அவள் அருகே நிற்பதைக் கண்டு வியக்கிறான். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்பதில்லை. எல்ஃப்கள் வாழும் காடான லோத்லோரியனில் கெரின் ஆம்ரோத் என்னும் குன்றின் அடியில், கையில் ஒரு சிறு பொன்னிறப் பூவுடன், ஏதோ பழைய நினைவில் ஆழ்ந்து நிற்கும் அரகோர்ன், ஆர்வெனின் பெயரைச் சொல்லி விடைபெறுகிறான். அதுவும் எல்ஃப் மொழியில். ஆசிரியர் மொழிபெயர்த்துத் தரவில்லை. எல்லாக் குறிப்புகளும் இருக்கின்றன, ஆனால் விடை தெரிந்தவருக்கு மட்டுமே அவை குறிப்புகள்.

இரண்டாம் தொகுதியில் எயோவின் வருகிறாள். ரோஹனின் மெடுசெல்ட் அரண்மனையில் விருந்தினருக்கு மதுக் கிண்ணத்தை ஏந்திவந்து கொடுக்கிறாள். அரகோர்ன் அதை வாங்கும்போது கைகள் தொட்டுக்கொள்ள, அவள் நடுங்கியதை அவன் உணர்கிறான்; அவன் முகம் கலங்குகிறது, புன்னகை வருவதில்லை. இந்தக் காட்சியை விளங்கிக்கொள்ள எந்த அகராதியும் வேண்டாம். இதைப் படித்து முடித்த வாசகர் மூன்றாம் தொகுதிக்காகப் பதினொரு மாதங்கள் காத்திருந்தார். அந்தப் பதினொரு மாதமும் அவர் மனத்தில் நின்ற பெண் யாராக இருந்திருப்பாள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? எயோவின் கட்சி பிறந்தது வாசகரின் கவனக்குறைவால் அன்று, நூல் வெளிவந்த முறையாலும் அது சொல்லப்பட்ட முறையாலும்தான் என்று நான் கருதுவதற்கு இதுவே முதல் காரணம்.

மூன்றாம் தொகுதியில் முடிச்சு அவிழ்கிறது, ஆனால் அரைகுறையாக. இறந்தோர் பாதையில் செல்லவிருக்கும் அரகோர்னைத் தடுக்கும் எயோவின், தான் அஞ்சுவது கூண்டைத்தான் என்கிறாள். தன் நெஞ்சம் குடியிருக்கும் இடத்துக்குப் போவதானால் வடக்கே ரிவெண்டெல் பள்ளத்தாக்கில்தான் இப்போது உலவிக்கொண்டிருப்பேன் என்று அவன் சொல்ல, இதற்கு என்ன பொருள் என்று யோசிப்பவளைப்போல அவள் சற்று நேரம் மௌனமாக இருக்கிறாள். அவளைப்போலத்தான் வாசகரும். அதற்குச் சற்று முன்பு அரகோர்னின் உறவினன் ஹால்பராத், ரிவெண்டெல் அம்மையார் தன் கையால் நெய்த கொடியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ‘ஒன்று நம் நம்பிக்கை நிறைவேறும், அல்லது எல்லா நம்பிக்கையும் முடிந்துபோகும்’ என்ற கருத்தில் ஒரு செய்தியும் சொல்லியிருக்கிறான். ஆர்வென் இங்கேயும் ஆள் வழியாகத்தான் பேசுகிறாள். போர் முடிந்து, நடுக்கோடை நாளில் திருமணம் நடக்கிறது. அவர்களுடைய நெடிய காத்திருப்பும் பாடுகளும் நிறைவெய்தின என்று ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் முடிக்கிறார். என்ன காத்திருப்பு, என்ன பாடு என்று கேட்பவர் நூலின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். போகாமலே நூலை மூடிவைத்தவர்களில் நானும் ஒருவன். கால அட்டவணைகளையும் வம்சப் பட்டியல்களையும் கண்டு மிரண்டு, இரண்டாம் வாசிப்பில்தான் அங்கே நுழைந்தேன்.

பின்னிணைப்பு சொல்வது

முதல் பின்னிணைப்பின் நடுவே அரகோர்ன், ஆர்வென் கதையின் ஒரு பகுதி இருக்கிறது. சில பக்கங்களே வரும் அதில், இருபது வயது அரகோர்ன் மாலை வேளையில், மனிதனைக் காதலித்த எல்ஃப் இளவரசி லூத்தியன் டினூவியலின் பாடலைப் பாடிக்கொண்டு நடக்கையில் மரங்களிடையே ஆர்வெனைக் கண்டு, பாடலின் நாயகியே வந்துவிட்டாள் என்று மயங்கி ‘டினூவியல்’ என்று கூவுகிறான். அவளுக்கு அப்போது வயது 2,700க்கு மேல். தாய் கில்ராயென் எச்சரிக்கிறாள். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து லோத்லோரியனில் இருவரும் மறுபடி சந்தித்து, கெரின் ஆம்ரோத் குன்றின் மேல் வாக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். பூவோடு நின்ற அரகோர்ன் எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்பது இங்கேதான் தெரியவருகிறது. கோண்டோர், ஆர்னோர் இரண்டுக்கும் அரசனாகாத எந்த மனிதனுக்கும் தன் மகளைத் தருவதில்லை என்று எல்ராண்ட் நிபந்தனை விதிக்கிறார். அதாவது, மூன்று தொகுதிகளிலும் அரகோர்ன் நடந்த நடைக்கெல்லாம் ஒரு பெண் கேட்கும் படலம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் 210 வயதில் அரகோர்ன் தானாகவே உயிரைவிட, சாவாமையைத் துறந்து அவனை ஏற்றவள், சாவு என்பது இவ்வளவு கசப்பா என்று அப்போதுதான் உணர்ந்து, இலை உதிர்ந்த லோத்லோரியனுக்குத் தனியே போய் அதே குன்றில் மடிகிறாள்.

இது கதையின் ஓரத்தில் ஒட்டப்பட்ட குறிப்பா, கதையின் உயிர்நிலையா? ஆசிரியரின் நிலை ஐயத்துக்கு இடமில்லாதது. நூல் அச்சேறுவதற்கு முன்பே, 1951இல் பதிப்பாளர் மில்டன் வால்ட்மனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இதுவே இந்நூலின் மிக உயர்ந்த காதல் கதை என்றும், தெரிந்த செய்தியைப்போல நாவலில் குறிப்பாக மட்டும் சொல்லப்படுகிறது என்றும் அவர் எழுதினார். 1956இல் எழுதிய இன்னொரு கடித வரைவில், பின்னிணைப்புகளுள் தலையாயது இது, இன்றியமையாத கதையின் பகுதி இது, ஹாபிட்களை மையமாகக் கொண்ட நாவலின் கட்டமைப்பு குலைந்துவிடும் என்பதால் மட்டுமே கடைசியில் வைத்தேன் என்று விளக்கினார். வால்ட்மன் கடிதத்திலேயே, நாவலில் எங்கும் விரித்துச் சொல்லப்படாத, ஃப்ரோடோவின் தோழன் சாமின் நாட்டுப்புறக் காதல் சாமின் குணத்தை அறிய இன்றியமையாதது என்றும் சொல்லியிருப்பதைக் காணும்போது, முக்கியமான காதல்களை வாசகர் கண்ணில் படாமல் வைப்பது அவருக்கு வழக்கமாகவே இருந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

ஆர்வென் கட்சியினர் இந்தக் கடிதங்களைக் காட்டித்தான் வழக்கை முடித்துவிட்டதாக எண்ணுகிறார்கள். பின்னிணைப்பு அதே அட்டைக்குள், அதே ஆசிரியரால், அதே நாளில் வெளியிடப்பட்டது. அது மூலபாடம்தான் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மூலபாடம் என்று ஒப்புவது வேறு, வாசகர் நெஞ்சில் இடம்பிடித்துவிட்டது என்று ஒப்புவது வேறு. கிண்ணம் ஏந்திய கை நடுங்கியதை நேரில் பார்த்தவரிடம், அறுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சந்திப்பைப் பற்றி நாவல் முடிந்த பிறகு கொடுக்கும் அறிக்கை, என்னதான் அழகாக இருந்தாலும், சாட்சியத்தின் பலத்தைப் பெறுவது கடினம்.

எயோவின் கட்சியிலும் ஒரு பலவீனம் உண்டு. அவளுடைய காதலை அவர்கள் அரகோர்னோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாவலின் உடலுக்குள்ளேயே முழுமையாக எழுதப்பட்ட ஒரே காதல் படலம் அவளுக்கும் ஃபாரமிருக்கும் உரியது. என் கணிப்பில் இந்நூலின் மிகச் சிறந்த காதல் எழுத்தும் அதுவே. நோயுற்ற அவள் படுக்கையருகே நின்று, என்னிடம் அவள் நேசிப்பது ஒரு நிழலையும் நினைப்பையும்தான் என்று அரகோர்ன் அவள் அண்ணனிடம் சொல்வது முன்னறிவிப்பு. பிறகு கோண்டோரின் தலைநகர் மினாஸ் டிரித்தின் மதில் மேல், போரின் முடிவு தெரியாமல் இருவரும் கிழக்கே பார்த்து நிற்கும் நாள்கள். குளிருக்காக ஃபாரமிர் தன் தாயின் நீலப் போர்வையை அவளுக்குப் போர்த்துகிறான். ஓரங்களில் வெள்ளி விண்மீன்கள் பதித்த போர்வை அது. நீ விரும்பியது அரகோர்ன் பிரபுவின் காதலை என்று அவளிடம் நேராகவே சொல்லிவிட்டு, அவளை அவளாகவே விரும்புவதாகச் சொல்கிறான். எயோவினின் மனம் மாறியது, அல்லது கடைசியில் அதை அவளே புரிந்துகொண்டாள் என்று ஆசிரியர் இரண்டு வழியையும் திறந்தே விடுகிறார்.

சில நாள்களில் இத்தனை பெரிய மாற்றமா என்று வாசகர்கள் கேட்காமல் இல்லை. அந்தக் குற்றச்சாட்டுக்கு 1963 வாக்கில் டோல்கீன் எழுதிய பதில், கடுமையான நெருக்கடியில், அதிலும் சாவு நெருங்கி நிற்கும்போது, உணர்வுகளும் முடிவுகளும் மிக விரைவில் கனிந்துவிடும் என்பதே தன் அனுபவம் என்பது. முதல் உலகப் போரில் சோம் களத்தில் இருந்தவர் அவர். ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டவரை வேறுவேறு விதத்திலும் அளவிலும் நேசிப்பது கூடும் என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரண்டு கட்சியும் மேற்கோள் காட்டத் தகுந்த வரி அது.

வரைவுகள் வெளிவந்த பின்

1989இல் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன், தந்தையின் கையெழுத்துப் படிகளைத் தொகுத்த வரிசையில் ஏழாவது தொகுதியை வெளியிட்டபோது வழக்கில் புதிய ஆவணங்கள் வந்து சேர்ந்தன. ஒரு கதைத் திட்டத்தில், அரகோர்ன் எயோவினை மணந்து கோண்டோரின் அரசனாகிறான் என்றே குறிக்கப்பட்டிருந்தது. பின்னால் எழுதிய வேறொரு குறிப்பு, இந்தக் காதலை வெட்டிவிட வேண்டும், அரகோர்ன் இதற்கு மிகவும் வயதானவன், கம்பீரமும் இறுக்கமும் கொண்டவன் என்கிறது. எயோவின் தன் மாமனான ரோஹன் அரசன் தியோடனைக் காக்கவோ அவனுக்காகப் பழிவாங்கவோ உயிரைவிடலாம் என்கிறது. அதன் அருகிலேயே அவசரமாகக் கிறுக்கிய இன்னொரு எண்ணம்: அரகோர்ன் எயோவினை உண்மையிலேயே நேசித்தான், அவள் இறந்தபின் யாரையும் மணக்கவில்லை.

எயோவின் கட்சிக்கு இது புதையல் கிடைத்ததுபோல. ஆசிரியரே முதலில் நினைத்தது எங்கள் கட்சியைத்தான் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. அடித்த வரிகளையெல்லாம் மூலபாடம் ஆக்கினால், தொடக்க வரைவுகளில் மரக்காலணி போட்டுக்கொண்டு திரிந்த ‘ட்ராட்டர்’ என்ற ஹாபிட்தான் அரகோர்ன் என்பதையும் ஏற்றாக வேண்டும். அப்புறம் இரண்டு பெண்களுமே அவனுக்கு வேண்டாம்.

ஆனால் வரைவுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. அதை இரண்டு கட்சியும் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. எல்ராண்டின் மகள் என்ற பாத்திரம் கையெழுத்துப் படிகளில் முதன்முதலாகத் தலைகாட்டுவது, கொடி கொண்டுவரப்படும் கட்டத்தில், அதாவது மூன்றாம் தொகுதிக்கான எழுத்து நடந்துகொண்டிருந்தபோது. அப்போது அவள் பெயர்கூட ஆர்வென் அல்ல, ஃபின்டுவிலாஸ். கிண்ணக் காட்சி முதலில் எழுதப்பட்டபோது அவள் கதையிலேயே இல்லை. ரிவெண்டெல் விருந்தில் அவள் அமர்ந்திருக்கும் பகுதி, நூலின் பக்க வரிசையில் முந்தியதானாலும், எழுத்து வரிசையில் பிந்தியது. பின்னோக்கிப் போய் ஆசிரியரே செருகியது. இடைச்செருகல் என்றாலே பிற்காலத்தார் கைவேலை என்று எண்ணிப் பழகிய நமக்கு, ஆசிரியரே தன் நூலுக்குள் செய்த இடைச்செருகலை எந்தக் கணக்கில் வைப்பது என்பது சுவையான கேள்வி. அவள் ஏன் பேசுவதில்லை, அரகோர்னுடன் அவள் பேசியது ஏன் காதில் விழுவதில்லை என்பவற்றுக்கு, ஹாபிட்களை மையமாகக் கொண்ட கட்டமைப்பு என்ற ஆசிரியரின் விளக்கம் உண்மையாக இருக்கலாம். கட்டி முடிந்த சுவரில் கல்லைப் பெயர்த்து வைத்தால், பெரிய அறைக்கும் சன்னல் சிறிதாகத்தான் அமையும் என்பதும் உண்மையாக இருக்கலாம்.

ஒரு சிறு செய்தி. கைவிடப்பட்ட அந்த ஃபின்டுவிலாஸ் என்ற பெயர் வீணாகவில்லை. அச்சான நூலில் அது ஃபாரமிரின் தாயின் பெயர். மதில் மேல் எயோவின் போர்த்திக்கொண்டது அவளுடைய போர்வையைத்தான்.

திரையில்

பீட்டர் ஜாக்சனின் படங்கள் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்தபோது, இந்த வழக்கு நூலைப் படிக்காதவர் கைக்கும் போயிற்று. முதல் படத்தில், நூலில் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப் செய்யும் வேலையை ஆர்வெனுக்குக் கொடுத்து, ஆற்றைக் கடந்து ஃப்ரோடோவைக் காப்பவளாக அவளை ஆக்கினார்கள். இரண்டாம் படத்துக்காக அவள் ஹெல்ம்ஸ் டீப் போரில் வாளேந்துவதாகக் காட்சிகள் எடுக்கப்பட்டு, ரசிகர்களின் எதிர்ப்புக் குரல்களுக்கிடையே கைவிடப்பட்டன. அப்படத்தில் எல்ராண்ட் மகளுக்குக் காட்டும் எதிர்காலம், அரகோர்னின் உடலருகே அவள் தனியே நிற்பது, முழுக்கப் பின்னிணைப்பிலிருந்து எடுத்ததுதான். கட்டமைப்பு குலையும் என்று ஆசிரியர் கடைசிக்குத் தள்ளியதைத் திரைக்கதை நடுவீட்டில் கொண்டுவந்து வைத்தது.

அதற்கு விலை கொடுத்தவர் ஃபாரமிர். 2003இல் திரையரங்குக்கு வந்த பிரதியில் அவருக்கும் எயோவினுக்கும் இடையே நடந்தது எதுவுமே இல்லை. முடிசூட்டு விழாவில் இருவரும் அருகருகே நிற்பதைக் கண்டு நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சிகள் நீட்டிக்கப்பட்ட பதிப்பில்தான் இடம்பெற்றன. நூலின் உடலில் இருந்த காதல் குறுந்தட்டின் பின்னிணைப்பாகவும், பின்னிணைப்பில் இருந்த காதல் படத்தின் உடலாகவும் இடம் மாறிக்கொண்டதை மூலபாடப் பற்றாளர்கள் வியந்து பேசியிருக்க வேண்டும். அவர்களோ குளோர்ஃபிண்டெலின் குதிரையைப் பற்றியே அதிகம் சண்டையிட்டார்கள்.

‘ஹாபிட்’ படங்களில் டாரியல் என்ற புதுப் பாத்திரத்தைப் படைத்து ஒரு குள்ளரோடு காதல் வைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நூலில் அறவே கிடையாது, அதனால் சண்டையும் எளியது. அமேசானின் ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் அப்படியல்ல. அதற்குக் கிடைத்த உரிமை நாவலுக்கும் ‘ஹாபிட்’டுக்கும் உரியது, நாவலின் கால எல்லைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்திய கதையைச் சொல்ல வந்ததால், அதன் படைப்பாளிகளுக்கு ஆதாரமாக நின்றவை பெரும்பாலும் பின்னிணைப்புகளே. 2024இல் வந்த இரண்டாம் பருவத்தில் எல்ராண்ட், எல்ஃப் பெருமாட்டி காலாட்ரியலை முத்தமிடுகிறான். விலங்கைத் திறக்க ஓர் ஊசியைக் கைமாற்றுவதற்கான தந்திரம் அது என்று கதை விளக்கினாலும், அவள் பின்னாளில் அவனுக்கு மாமியாராகப் போகிறவள் ஆயிற்றே என்று ரசிகர்கள் கொதித்தார்கள். எல்ராண்ட் மணக்கவிருக்கும் கெலெப்ரியன் காலாட்ரியலின் மகள். ஆர்வென் அந்தக் கெலெப்ரியனின் மகள்.

கொதித்தவர்கள் மூலபாடம் என்று காட்டியதில் காலாட்ரியலின் கணவன் கெலெபோர்னின் வரலாறும் உண்டு. அது எந்த மூலபாடம் என்று கேட்டால் மறுபடி தகராறுதான். 1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’படி அவன் டோரியாத் நாட்டைச் சேர்ந்தவன். டோல்கீன் தன் கடைசிக் காலத்தில் எழுதிய குறிப்பின்படி, கடலுக்கு அப்பாலுள்ள அல்குவலோண்டே நகரத்தவன். காலாட்ரியலுக்கு நெருங்கிய உறவுமுறையும் ஆகிறான். 1980இல் இவற்றையெல்லாம் தொகுத்து வெளியிட்ட கிறிஸ்டோபர், இந்த இணையரின் கதையைவிடச் சிக்கல் மிகுந்த பகுதி மத்தியபூமி வரலாற்றிலேயே இல்லை என்றுதான் அந்த அத்தியாயத்தைத் தொடங்கினார்.

மூலபாடத்தின் எல்லையை ஆசிரியரோ ரசிகரோ அல்லாத மூன்றாமவர் ஒருவரும் ஒருமுறை வரைந்திருக்கிறார். 1968இல் நூலின் பதிப்பாளரான ஆலன் அண்ட் அன்வின் நிறுவனம் மூன்று தொகுதிகளையும் ஒரே காகித அட்டைப் பதிப்பாகக் கொண்டுவந்தபோது, இடம் கருதிக் கால அட்டவணை, வம்சப் பட்டியல், நாள்காட்டி, மொழிக் குறிப்பு, சொல்லடைவு எல்லாவற்றையும் நீக்கிவிட்டது. ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. அந்தப் பதிப்பை வாங்கியவர்கள், சாம் வீடு திரும்பி ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லும் கடைசி வரியைத் தாண்டினால், மிரண்டு ஓட அங்கே அட்டவணை எதுவும் இல்லை. மாலை வேளையில் மரங்களிடையே பாடிக்கொண்டு நடக்கும் இருபது வயது அரகோர்ன் மட்டும் இருந்தான்.